மூன்று விரல் இலைகள்

“செடிய மொறச்சுப் பாக்குறதுக்கா ஒன்ன அத்தன வருசம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோம்?” என்று பெரியம்மா கேட்டாள்.

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டின் பின்புறம், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே நான் குந்தியிருந்தேன். உண்மையில் நான் முறைக்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். அதைச் சொன்னேன்.

“அப்படின்னா இன்னும் விசேசம் லா. தூங்குறதுக்கு ஒரு படிப்பு!”

பெரியம்மா என் அம்மாவின் அக்காள். கணவர் இறந்தபின் எங்களோடு வந்து தங்கியவள். யாரையும் சும்மா விட அவளுக்குத் தெரியாது. ஆனால் அன்று அவள் கேட்டதில் கேலி பாதிதான், மீதி பயம். செடிகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. என்ன நோய் என்று கண்டுபிடிப்பது என் வேலை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு அதை ஏற்றிருந்தேன்.

என் தலை அந்தக் காலத்தில் எளிதில் நிமிரும். அப்பா நகராட்சியில் சாக்கடை வெட்டியவர். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் பெண்கள் பள்ளியில் ஸ்டாண்டர்ட் செவன் முடித்தேன். மேலே போவதற்குள் சண்டை வந்து பள்ளியை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தபோது அங்கே ஜப்பானிய மொழிதான் பாடம். நான் போகவில்லை. தெருவில் யாராவது மருந்துப் புட்டியை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், வாசித்துச் சொல்லும்போது என் குரலே மாறிவிடும் என்று அம்மா சிரிப்பாள்.

ஜப்பான்காரன் வந்தபிறகு கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாறின. அரிசியும் மாறியது. பங்கீட்டில் கிடைத்தது கொஞ்சம், அதுவும் சுண்ணாம்பு கலந்தது. பூச்செடி வைத்திருந்த வீடுகள்கூட அவற்றைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டன. எங்கள் குச்சிகள் செங் கிராமத்திலிருந்து வந்தவை. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கட்டு கொடுத்தார். அதில் ஒரு பங்கை வேலிக்கு அந்தப்புறம் இருந்த மக்சிக்குக்குக் கொடுத்தோம். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. அவள் பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து ஊறிப்போன மலாக்காச் செட்டி வீட்டுக் கிழவி. மாரியம்மன் கோயிலில் எங்களுக்கு முன்னால் போய் நிற்பாள், ஆனால் பேச்செல்லாம் மலாயில்தான். நாங்களும் அவளோடு மலாயில்தான் பேசுவோம்.

என் தங்கைக்கு அப்போது நாலு வயது. அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி மெதுவாகத்தான் மேலே எழும். அவளுக்கு அது விளையாட்டு. “அக்கா, குழி போடு” என்று காலை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. நல்ல சாப்பாடு கொடுங்கள், பச்சைப்பயறு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் மண்ணுக்கடியில் இருந்தது. கிழங்கு முற்றினால் பசியாறலாம், மிச்சத்தைக் கொடுத்துப் பயறும் மீனும் மாற்றிக்கொள்ளலாம். செடி செத்துப்போனால் வேறு யோசனை யாரிடமும் இல்லை.

மஞ்சளாவதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீர் தேங்குகிறது என்றார் அப்பா. கண்ணேறு என்று பெரியம்மா ஓட்டைப் பானைக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்து நடுவில் கவிழ்த்தாள். அம்மா மட்டும் எலி என்று பிடிவாதமாகச் சொன்னாள்.

“அடியில தோண்டியிருக்கு பாருங்க.”

அப்பா குனிந்து பார்த்தார். “தோண்டுன மண்ணு எங்க?”

“மூடியிருக்கு.”

“எலி தோண்டிட்டு மூடிட்டா போவும்?”

“ஜப்பான் எலி. ஒழுங்கா இருக்கும்” என்றாள் பெரியம்மா.

“மெதுவா பேசு” என்று அப்பா தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு செடியின் தண்டைப் பிடித்தார். “ஒண்ணப் புடுங்கி வேரப் பாத்துட்டா தெரிஞ்சிரும்.”

நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். பிடுங்கினால் ஒரு செடி போய்விடும் என்பதற்காக மட்டும் அல்ல. வேறு விதமாகப் பார்க்க எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்தேன்.

பள்ளியில் இயற்கைப் பாடம் எடுத்த ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். பாடப்புத்தகத்தில் ஓர் இலையின் படம் இருக்கும். அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கும். அவர் அந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் திறப்பார். முதலில் எங்களை வெளியே கூட்டிப்போய் ஆளுக்கொரு செடியை எடுத்துக்கொள்ளச் சொல்வார். இலையைப் பறிக்கக் கூடாது. அடி இலையிலிருந்து நுனி இலை வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் செடியை விதையிலிருந்து மனதுக்குள் வளர்த்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் படம் வரமாட்டேன் என்கிறதோ அந்த இடத்தில் கண்ணைத் திறந்து திரும்பப் பார்க்க வேண்டும். இப்படியே பல நாள். அதன்பின் செடியைச் சுற்றியுள்ளதையும் சேர்க்கச் சொல்வார்: நிழல், எறும்பு, பக்கத்துச் செடி. ஒருமுறை ஒரு மாணவி நன்றாக வரைந்து கொண்டுபோனாள். அவர் பார்த்துவிட்டு, “தினமும் வந்து நிக்கிறீர், உம்மட காலடியில மண் இறுகிப்போச்சு. உம்மட கால் எங்க?” என்று கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் தன் இரண்டு சப்பாத்துகளையும் செடிக்கடியில் வரைந்தாள். சண்டை நெருங்கியபோது அந்த ஆசிரியை சிங்கப்பூருக்குப் போனார். அதன்பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

அந்த முறையில்தான் நான் மரவள்ளியோடு உட்கார்ந்தேன். கிணற்றோரத்தில் இருந்த ஒரு செடியை எடுத்துக்கொண்டேன். காலையில் அதன் இலைகள் விரித்த கைகள்போல நேராக நிற்கும். வெயில் ஏறினால் விரல்கள் தொங்கும். காம்பு மேல்பக்கம் சிவப்பு, கீழ்ப்பக்கம் பச்சை. உதிர்ந்த இலைகள் தண்டில் விட்ட தழும்புகள் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். தழும்புக்கு மேலே இலைகள். ஐந்து விரல் இலை, அதற்கு மேல் ஏழு விரல் இலை. கண்ணை மூடினால் செடி நன்றாகத்தான் வளர்ந்தது. ஓர் உயரத்துக்கு வந்ததும் படம் தட்டுத்தடுமாறி நின்றது. மறுநாளும் அதே இடம். அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். ஏழு விரல் இலைக்கு மேலே தண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. பிரிந்த கிளையில் முதல் இலை சின்னஞ்சிறு மூன்று விரல் இலை. புதிதாக நட்ட குச்சியில் வருவதுபோல. அது ஐந்தாகி, ஏழாகும் முன்பே திரும்பவும் ஒரு பிரிவு, திரும்பவும் மூன்று விரல்.

மற்ற செடிகளையும் போய்ப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான். பாத்தி முழுக்கச் செடிகள் திரும்பத் திரும்பக் குழந்தையாகிக்கொண்டிருந்தன. அடி இலைகள் மஞ்சளானது அதற்கு விலை கொடுப்பதுபோல இருந்தது.

அன்று சாப்பிடும்போது என் மருந்துப்புட்டிக் குரலில் சொன்னேன்: “இது ஒரு எலையில, ஒரு வேர்ல வர்ற நோய் இல்ல. செடி முழுசுமே தடுமாறுது. வளர ஆரம்பிக்குது, நிக்குது, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்குது.”

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். “சரி. என்ன போடணும்?”

“அது இன்னும் தெரியல.”

“அத நானே சொல்லியிருப்பேனே லா” என்றாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. அவள் தங்கையின் வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சியில் சின்னச் சின்னக் கிழங்குத் துண்டுகள் கிடந்தன. கிழங்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் தட்டில் விழுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வேலிக்கு அந்தப்புறம் போய்ப் பார்ப்பது எனக்குத் தாமதமாகத்தான் தோன்றியது. மக்சிக்கின் செடிகள் எங்கள் கட்டிலிருந்து போனவை. அதே மண், அதே மழை, வேலிக்கு அடியில் எலி போய்வருவதற்கும் தடையில்லை. அவள் செடிகள் என் தலைக்கு மேலே நின்றன. கீழிருந்து மேல்வரை இலை வரிசை எங்கேயும் உடையவில்லை. நான் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடித் திறப்பதைப் பார்த்து, கும்பிடுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“சாமி அந்தப் பக்கம்” என்று கோயில் திசையைக் காட்டினாள்.

“உங்க செடிக்கு என்ன போடுறீங்க, மக்சிக்?”

“ஒண்ணும் போடல. போட என்ன இருக்கு? எனக்கும் கிழவருக்கும் பல்லே இல்ல, யாரு திங்கிறது?” என்று வாயைத் திறந்து காட்டிச் சிரித்தாள். மகன் கிளேபாங்கில் மீன் பிடிக்கிறான், கருவாடு கொண்டுவந்து போடுகிறான் என்றாள்.

வேலியைத் தாண்டித் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இரண்டு பாத்திகளுக்கும் நடுவில் வேறாக இருந்தது மண் இல்லை, வீடு. நான் நாள்கணக்காக வளர்த்துப் பார்த்த படத்தில் நிழலைச் சேர்த்தேன், எறும்பைச் சேர்த்தேன், கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலைச் சேர்த்தேன். எங்கள் ஐந்து பேரைச் சேர்க்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துப் பங்கீட்டுக் கடைக்கு அரிசி வரவில்லை. வரிசையைக் கலைத்து அனுப்பிவிட்டார்கள். நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினேன். நல்ல வெயில். பின்பக்கம் போனபோது அம்மா கிணற்றோரச் செடியின் அடியில் மண்டியிட்டிருந்தாள். முழங்கை வரை கை மண்ணுக்குள். கன்னம் தண்டில் சாய்ந்திருந்தது. தங்கை கிணற்றுக்கட்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

“கை மாட்டிக்கிச்சாம்மா?” என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“இல்ல. தடவிப் பாக்குறேன். பெருச விட்டுட்டுச் சின்னதா ஒண்ணு எடுத்தா, செடிக்கு அவ்வளவா தெரியாதுல்ல?”

அவள் உண்மையாகவே கேட்டாள். படித்த பிள்ளை பதில் சொல்லும் என்று என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

“தெரியும்மா.”

அவள் விரல் கனத்தில் ஒரு கிழங்கை ஒடித்து வெளியே எடுத்தாள். குழியை மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமமாக்கினாள். பிள்ளையைத் தூங்கவைக்கும்போது அவள் தட்டுவது அப்படித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்டைக் காட்டினேன்.

“இது கீரைக்குக் கொழுந்து கிள்ளுன எடம். அதனாலதான் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. மேல பாருங்க, மூணு வெரலு. இங்க மறுபடி கிள்ளியிருக்கு. இங்க இன்னொரு தடவ.”

அம்மா மேலே மேலே பார்த்துக்கொண்டே போனாள். “இம்புட்டையும் நெனவுல வச்சிருக்கா இது?” என்றாள். தண்டை விட்டு என் பக்கம் திரும்பி, “எல்லாம் நான் கிள்ளுனது இல்லடி” என்றாள்.

“கை வைக்காம விட்டா தேறிடும்மா. அடுத்த மழக்காலம் வரைக்கும்.”

“விட்டுடலாம்.” அவள் கோபப்படவில்லை. கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள். “கெழங்கு முத்தையில திங்க இவ இருக்கணும்ல?”

தங்கை, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பூச்சி என்றால் நசுக்கலாம், தண்ணீர் என்றால் வடிக்கலாம், நோய் என்றால் அதற்கொரு பெயராவது இருக்கும். நான் கண்டுபிடித்ததில் அப்படி எதுவும் இல்லை. செடியை இளைக்கவைத்த கையும் தங்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த கையும் ஒன்று. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். முழுதாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று பெருமைப்பட்டிருந்தேன். முழுதாகப் பார்த்தபின் ஒதுங்கி நின்று யோசனை சொல்ல எனக்கு அதில் இடமில்லை. அந்தக் கிழங்கை அம்மா இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன்.

அதற்குப் பிறகும் காலையில் போய் உட்கார்ந்தேன். பழக்கம் விடவில்லை. ஒருநாள் கண்ணை மூடியபோது செடிக்குப் பதில் தங்கை வந்தாள். போன வருஷம் வேலியோரம் ஓடியவள், சுவரைப் பிடித்து நடந்தவள், இப்போது கிணற்றுக்கட்டில் சாய்ந்திருப்பவள். வரிசை தெளிவாக இருந்தது. அதற்கு மேல் மனதில் வளர்த்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாதான் கடைசியில் பேச்சை எடுத்தார். “என்னம்மா, நோயி என்னன்னு தெரிஞ்சுதா?”

“நோயி இல்லப்பா. நாமதான்.”

அவர் புரியாமல் பார்த்தார். நான் இலை வரிசையைச் சொன்னேன், தண்டுப் பிரிவுகளைச் சொன்னேன். அம்மாவைச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவே, “நான் எடுத்தேன். புள்ளைக்கு” என்றாள். பெரியம்மா தொண்டையைச் செருமினாள்.

“நானும் கொஞ்சம் கொழுந்து கிள்ளுனேன் லா. தேங்கா மாத்துறதுக்கு. சும்மாவா? அன்னிக்குக் கொழம்புல பாலு எங்கேருந்து வந்துச்சாம்?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தடவ ரெண்டு கெழங்கு எடுத்தேன்” என்றார் மெதுவாக. “பொகையிலைக்கு.”

“எலி பொகையில வேற போடுதா!” என்றாள் பெரியம்மா. அவளே முதலில் சிரித்தாள். பிறகு அப்பா, பிறகு அம்மா. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதன்பின் அது சிரிப்பாக இல்லை.

இனி யாரும் செடியில் கை வைப்பதில்லை என்று அப்பா சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். கிணற்றோரச் செடியின் அடியில் மண் புதிதாகத் தட்டியிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியிலிருந்து சாப்பாடு வந்தால்தான் அந்தக் கை நிற்கும். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் இந்த இடத்துக்கே வந்தேன். செங் பக்கம் பட்டாளத்துக்குக் காய்கறி போடும் தோட்டம் ஒன்று இருந்தது. களை எடுக்கப் பெண்களை எடுத்தார்கள். கூலி அரிசி, சில நாள் பச்சைப்பயறு. எங்கள் தெருவிலிருந்து யாரும் பெண்பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. அம்மா தங்கையை விட்டு நகர முடியாது. பெரியம்மா போய்க் கேட்டு, வயதானவள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அப்பா அந்த மாதிரி இடத்தில் தலையைக் காட்டினால் அப்படியே, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். மிச்சம் நான். பட்டாளத்தைப் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. அதோடு, மண்ணில் குந்திக் களை பிடுங்கும் என்னைப் பள்ளியில் கூடப் படித்தவள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

ஒரு மாலை, சாப்பிட உட்காரும்போது அப்பாவிடம் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

“வேணாம்மா” என்றார் உடனே. “அங்க போயி கஷ்டப்பட்டு சூசாப்பட வேணாம். வேற வழி பாப்போம்.”

என்ன வழி என்று அவர் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் தங்கையின் காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பவும், “பாப்போம்” என்றார்.

“பாருங்கப்பா” என்றேன். “நான் இன்னிக்குப் போயிட்டு வந்துட்டேன்.”

அன்று பண்டார் ஹிலிரில் உப்பு கிடைக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். சந்தியில் நின்ற லாரியில் ஏறினேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, “படிச்ச புள்ளையா? இங்க வாசிக்க ஒண்ணுமில்ல, குனி” என்றார். நாள் முழுக்கக் கீரைப் பாத்திகளில் குனிந்திருந்தேன். மண்டோர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. விறகுக்குப் பின்னால் வைத்திருந்த முடிச்சை எடுத்துவந்து நடுவில் வைத்து அவிழ்த்தேன். கொஞ்சம் அரிசி, அதன் மேல் ஒரு பிடி பயறு. யாரும் கை நீட்டவில்லை.

“நாளைக்கும் பேரு குடுத்திருக்கேன்” என்றேன். “அடுத்த வாரம் முழுசுக்கும்.”

அப்பா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அம்மா முடிச்சிலிருந்து பயறை மட்டும் தனியாக எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டாள்.